மொட்டைமாடியிலிருந்து கியூஓ-100 வழியாக டிவி அனுப்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு ரேடியோ) உரிமம் வைத்திருக்கும் நண்பர்கள், ஒரு சின்ன எஸ்.டி.ஆர். (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) பெட்டியை வாங்கிய கையோடு கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் பிளூட்டோ என்ற பெட்டியையும் கியூஓ-100 செயற்கைக்கோளையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். நம் ஊரில் இருந்துகொண்டு டிஜிட்டல் டிவி அனுப்பிப் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அமெச்சூர் டிவி என்றால் என்ன? யூடியூபில் நேரலை போடுவதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

நடுவில் இணையம் கிடையாது. உங்கள் கேமராவில் விழும் படம் உங்கள் ஆன்டெனாவிலிருந்து ரேடியோ அலையாகப் புறப்பட்டு இன்னொருவரின் ஆன்டெனாவில் போய்ச் சேர்கிறது. பிரிட்டனில் இதற்கென்றே 1949இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பி.ஏ.டி.சி. எனப்படும் அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது. இந்தக் கட்டுரையில் வரும் கருவிகள் பலவற்றின் வடிவமைப்பில் அதன் உறுப்பினர்களின் கை இருக்கிறது.

முன்பெல்லாம் அனலாக் எஃப்.எம். முறையில் ஒரு படம் அனுப்பவே பதினாறு, இருபது மெகாஹெர்ட்ஸ் அகலம் பிடித்தது. இப்போது அரை மெகாஹெர்ட்ஸுக்குள் அதைவிடத் தெளிவான படம் போகிறது.

எஸ்.டி.ஆர். எதற்கு? தனி டிரான்ஸ்மிட்டர் கட்டக் கூடாதா?

கட்டலாம், கட்டியும் இருக்கிறார்கள். ஆனால் டிஜிட்டல் டிவிக்கு வேண்டிய கடினமான வேலைகள் எல்லாம் கணக்குகள்தான்: படத்தைச் சுருக்குவது, பிழை திருத்தும் பிட்டுகளைச் சேர்ப்பது, சிம்பல்களாக (சில பிட்டுகளைச் சேர்த்து அலையில் ஏற்றும் குறிகள்) மாற்றுவது, ஓரங்களை வழுவழுப்பாக்கி வடிகட்டுவது. எஸ்.டி.ஆர். என்பது அந்தக் கணக்கின் விடையை நேரே ரேடியோ அலையாக்கித் தரும் பெட்டி. இன்று டி.வி.பி.-எஸ், நாளை டி.வி.பி.-எஸ்2 என்று செயற்கைக்கோள் டிவி முறைகளுக்குள் மாறுவதற்கு நீங்கள் சால்டரிங் அயர்னைத் தொட வேண்டியதில்லை.

கியூஓ-100 நம் ஊரிலிருந்து தெரியுமா?

நன்றாகத் தெரியும். கத்தாரின் எஸ்ஹைல்-2 என்ற ஒளிபரப்புச் செயற்கைக்கோளில் ஹாம்களுக்கென ஒதுக்கிய பகுதிக்குத்தான் கியூஓ-100 என்று பெயர். 2018 நவம்பர் 15 அன்று ஏவினார்கள். 2019 பிப்ரவரியில் ஹாம்களுக்குத் திறந்துவிட்டார்கள். பூமியோடு சேர்ந்தே சுற்றும் செயற்கைக்கோளில் ஹாம் கருவி போனது அதுவே முதல் முறை. கிழக்குத் தீர்க்கரேகை 26 பாகை அருகில், ஆப்பிரிக்காவுக்கு மேலே நிற்கிறது.

நமக்கு அது மேற்கே இருக்கிறது. சென்னையிலிருந்து திசை சுமார் 261 பாகை, உயரம் 27 பாகை. மதுரைக்கு உயரம் கிட்டத்தட்ட 30, யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் 28. சிங்கப்பூரில் மூன்று பாகைதான் வரும், எதிரே ஒரு கட்டடம் இருந்தால் போதும், மறைந்துவிடும்.

இதில் ஒரு விஷயம் எல்லோரையும் குழப்புகிறது. நம் மாடிகளில் டி.டி.எச். டிஷ்கள் வானத்தை அண்ணாந்து பார்த்து நிற்கும். அதே ஆஃப்செட் டிஷ்ஷை இந்த 27 பாகைக்குத் திருப்பினால் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நிற்கும். எதிர்வீட்டுச் சுவரைப் பார்ப்பது போலத் தோன்றும். அது சரிதான், ஆஃப்செட் டிஷ்ஷின் பார்வை அதன் முகத்தைவிட 25 பாகை அளவு மேலே இருக்கும்.

தென்னையோ தண்ணீர்த் தொட்டியோ குறுக்கே வருகிறதா என்று பார்க்கவும் எளிய வழி உண்டு. மார்ச் நடுவில், சென்னையில் மாலை நாலரை மணியை ஒட்டி சூரியன் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வருகிறது. அந்த நேரத்தில் டிஷ் வைக்கப்போகும் இடத்தில் வெயில் விழுந்தால் வழி தெளிவாக இருக்கிறது என்று பொருள்.

உரிமம் வேண்டுமா?

பார்ப்பதற்கும் அனுப்புவதற்கும் வேறுபாடு உண்டு. அனுப்ப அமெச்சூர் உரிமம் கட்டாயம். இந்தியாவில் ஏ.எஸ்.ஓ.சி. தேர்வு எழுதி தொலைத்தொடர்புத் துறையிடம் வாங்க வேண்டும். இலங்கையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழு கொடுக்கிறது. உரிமம் கையில் இருந்தாலும், அதில் உங்கள் வகுப்புக்கு எந்த அலைவரிசை, எந்த வகை ஒலிபரப்பு, எவ்வளவு வாட் என்று எழுதியிருப்பதை வாசித்துவிட்டே சுவிட்சைப் போடுங்கள். அனுப்பும் படத்தின் சேவைப் பெயரில் உங்கள் அழைப்புக்குறி இருக்க வேண்டும், அதுதான் உங்கள் அடையாளம்.

எங்கிருந்து தொடங்குவது?

சிக்னலை வாங்குவதிலிருந்து, அதாவது பிடித்துப் பார்ப்பதிலிருந்து. அனுப்பும் ஆசையை ஒரு மாதம் தள்ளி வையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். மேலிருந்து வருவதைப் பார்க்கத் தெரியாதவர் தான் அனுப்பியது சரியா என்று ஒருபோதும் அறிய முடியாது.

கியூஓ-100இன் அகலமான பகுதி 10491 முதல் 10499 மெகாஹெர்ட்ஸ் வரை கீழே வருகிறது. அதன் தொடக்கத்தில், 10491.5இல், கத்தாரிலிருந்து ஏற்றப்படும் ஒரு பீக்கன் (அடையாளச் சிக்னல்) இரவு பகலாக ஓடுகிறது: டி.வி.பி.-எஸ்2, வினாடிக்கு 1.5 மெகாசிம்பல், கியூ.பி.எஸ்.கே. (ஒரு சிம்பலுக்கு இரண்டு பிட்), எஃப்.இ.சி. 4/5 (பிழை திருத்தத்துக்குப் போக மீதமாகும் பங்கு). முதல் இலக்கு அந்தப் படத்தை உங்கள் திரையில் கொண்டுவருவது. 90 செ.மீ. டிஷ் இருந்தால் நல்லது. டிஷ்ஷின் முன்னால் நிற்கும் எல்.என்.பி.யின் (சிக்னலைப் பிடித்து அதிர்வெண்ணைக் குறைக்கும் கருவி) முதுகில் 9750 என்று, அதாவது அது கழிக்கும் மெகாஹெர்ட்ஸ், அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 10600 மட்டும் இருந்தால் உதவாது. அகலப் பகுதி கிடைமட்டப் போலரைசேஷனில் வருவதால் எல்.என்.பி.க்கு 18 வோல்ட் கொடுக்க வேண்டும்.

வீட்டில் இருக்கும் செட் டாப் பாக்ஸில் பார்க்க முடியாதா?

பெரும்பாலும் முடியாது. 10491.5இலிருந்து 9750ஐக் கழித்தால் 741.5 மெகாஹெர்ட்ஸ். சாதாரணப் பெட்டிகள் 950இலிருந்துதான் தொடங்கும். குறைந்த சிம்பல் ரேட்டையும் அவை ஏற்காது.

இதற்கென்றே மினிடியூனர் என்ற ரிசீவர் இருக்கிறது. கணினியோடு யு.எஸ்.பி.யில் இணைத்து மினிடியூன் மென்பொருளில் பார்க்கலாம். ராஸ்பெர்ரி பை 4இல் ஓடும் ரைட் என்ற வடிவமும் உண்டு. அதிகச் செலவில்லாமல் தொடங்க விரும்பினால் ஆர்.டி.எல். டாங்கிளும் (யு.எஸ்.பி.யில் செருகும் சின்ன ரிசீவர்) எஸ்.டி.ஆர்.ஏஞ்சல் மென்பொருளும் போதும், 333 கிலோசிம்பல் படங்களை அதில் பிடிக்கலாம்.

எந்த எஸ்.டி.ஆர். வாங்கலாம்?

மூன்று பெயர்கள் அடிபடும். அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் அடால்ம்-பிளூட்டோ 12 பிட், அதிகாரபூர்வமாக 325 மெகாஹெர்ட்ஸ் முதல் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை. ஓர் அமைப்பை மாற்றினால் 70 மெகாஹெர்ட்ஸ் முதல் 6 கிகாஹெர்ட்ஸ் வரை விரியும். உள்ளேயே லினக்ஸ் ஓடும் செயலி இருக்கிறது. லைம்எஸ்.டி.ஆர். மினியும் 12 பிட்தான், பி.ஏ.டி.சி.யின் போர்ட்ஸ்டவுன் டிரான்ஸ்மிட்டரில் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஹேக்ஆர்.எஃப். 8 பிட், ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடியாது.

என் தேர்வு பிளூட்டோ. காரணம் அந்த லினக்ஸ். சிம்பலாக்கும் வேலை முழுவதையும் பெட்டியே செய்துகொள்வதால், உங்கள் மடிக்கணினி படத்தைச் சுருக்கிக் கொடுத்தால் போதும்.

என்ன மென்பொருள்?

பிரான்ஸ் நாட்டு ஹாம் ஒருவர் பிளூட்டோவுக்கு டிஜிட்டல் டிவி ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஏற்றும் மென்பொருள்) எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறார். அதை ஏற்றியபின் பிளூட்டோ ஒரு நேரலைச் சர்வர் போல நடந்துகொள்கிறது. நேரலை அனுப்பும் ஓ.பி.எஸ். ஸ்டூடியோ மென்பொருளில் சேருமிடமாக 192.168.2.1 என்ற பிளூட்டோவின் முகவரியைக் கொடுத்து, அதே வரியில் அதிர்வெண், முறை, சிம்பல் ரேட், எஃப்.இ.சி. எல்லாவற்றையும் எழுதிவிடலாம். ஓ.பி.எஸ். பழகியவருக்கு ஒரு மாலை போதும்.

நன்றாகத் தோண்டிப் பார்க்க விரும்புபவர்கள் குனு ரேடியோ என்ற மென்பொருளில் டி.வி.பி.-எஸ்2 கட்டங்களைக் கோத்து ஓட்டலாம். கற்றுக்கொள்ள அருமையான வழி, ஆனால் முதல் படம் அனுப்ப அது வேண்டாம்.

சிம்பல் ரேட், எஃப்.இ.சி. எதை வைப்பது?

333 கிலோசிம்பல், டி.வி.பி.-எஸ்2, கியூ.பி.எஸ்.கே., எஃப்.இ.சி. 3/4. இதிலிருந்து தொடங்குங்கள். ஏன் என்று பார்ப்போம்.

இந்த அமைப்பில் உங்களுக்குக் கிடைப்பது வினாடிக்குச் சுமார் 495 கிலோபிட். எஃப்.இ.சி.யை 1/2 ஆக்கினால் 329 ஆகிவிடும். ஆனால் 3/4க்கு சிக்னல் இரைச்சலைவிட 4 டெசிபெல் மேலே இருக்க வேண்டும், 1/2க்கு 1 டெசிபெல் போதும். அதாவது பிட்டுகளைக் கொடுத்து பலத்தை வாங்கிக்கொள்கிறீர்கள். டிஜிட்டலில் படம் மெல்ல மெல்ல மங்காது. அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால் முழுப் படம், கொஞ்சம் கீழே போனால் திரை கறுப்பு. அதனால் இரண்டு டெசிபெல்லாவது கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். பத்து கிகாஹெர்ட்ஸில் நம் வடகிழக்குப் பருவமழை ஒரு சாத்து சாத்தினால் அந்தக் கையிருப்பு கரைந்துவிடும்.

சிம்பல் ரேட் ஏறினால் அதே விகிதத்தில் சக்தியும் ஏற வேண்டும். 333ஐ 1500 ஆக்கினால் நாலரை மடங்கு வாட் தேவை. 125 ஆகக் குறைத்தால் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். சின்ன ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர் 125இல் தொடங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. வினாடிக்கு 186 கிலோபிட்டில் அழைப்புக்குறி அட்டையும் முகமும் அடையாளம் தெரியும்படி போகும்.

ஓ.பி.எஸ்.ஸில் பிட் ரேட்டை மேலே சொன்ன மொத்தத்தின் முக்கால் பங்குக்கு மேல் வைக்காதீர்கள். குரலுக்கும் தரவுப் பொதிகளின் உறைகளுக்கும் இடம் வேண்டும். மாறாத பிட் ரேட்டைத் தேர்ந்தெடுங்கள். பின்னணியில் அசையும் மரம், பூப்போட்ட திரைச்சீலை எல்லாம் பிட்டைத் தின்னும். வெறும் சுவருக்கு முன்னால் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்தால் அதே 333இல் படம் எவ்வளவு தெளிகிறது என்று பாருங்கள். எச்.265 என்கோடர் பெட்டி கிடைத்தால் இன்னும் ஒரு படி மேலே போகலாம்.

எந்த அதிர்வெண்ணில் அனுப்ப வேண்டும்?

மேலே ஏறுவது 2401.5 முதல் 2409.5 மெகாஹெர்ட்ஸ் வரை. கீழே பார்க்க விரும்பும் எண்ணிலிருந்து 8089.5ஐக் கழியுங்கள். 10494.75இல் வர வேண்டுமானால் 2405.25இல் அனுப்ப வேண்டும்.

இந்தப் பட்டை வைஃபையின் 1ஆம் சேனல் மேலேயே விழுகிறது. நீங்கள் அனுப்பும்போது வீட்டில் இணையம் நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம். வீட்டு ரௌட்டரை 11ஆம் சேனலுக்கோ 5 கிகாஹெர்ட்ஸுக்கோ முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு பெரியது வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

பிளூட்டோ தருவது சில மில்லிவாட். டிஷ்ஷுக்குப் போக வேண்டியது சில வாட். நடுவில் இரண்டு மூன்று கட்டமாகப் பெருக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலானோர் வாட்டை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். ஆனால் டிஜிட்டல் டிவிக்கு வேண்டியது நேர்கோட்டுத்தன்மை. உள்ளே போனது இரண்டு மடங்கானால் வெளியே வருவதும் இரண்டு மடங்காக வேண்டும். கியூ.பி.எஸ்.கே. சிக்னல் சராசரியைவிட இரண்டு மடங்குக்கும் மேலே அடிக்கடி துள்ளும். அந்தத் துள்ளலின் தலையை ஆம்ப்ளிஃபையர் சீவிவிட்டால், சீவியது பக்கத்து அலைவரிசையில் கொட்டும்.

ஸ்பெக்ட்ரத்தில் அது தோள் போலத் தெரியும். நல்ல சிக்னல் இரண்டு பக்கமும் செங்குத்தாக இறங்கும் மேடை போல இருக்கும். திணறும் ஆம்ப்ளிஃபையரில் மேடையின் இருபுறமும் சரிவான தோள்கள் முளைக்கும். அந்தத் தோள்கள் பக்கத்தில் பேசிக்கொண்டிருக்கும் இன்னொரு ஹாமின் படத்தைக் கெடுக்கின்றன.

ஆகவே 20 வாட் என்று எழுதிய ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஆறு ஏழு வாட் மட்டும் எதிர்பாருங்கள். இணையக் கடைகளில் கிடைக்கும் வைஃபை பூஸ்டர்களுக்கும் இதே கணக்குதான், எட்டு வாட் என்றால் இரண்டு வாட் சுத்தமாகக் கிடைத்தாலே மகிழ்ச்சி.

தோளைக் குறைக்க ஒரு நல்ல செய்தி உண்டு. பிளூட்டோவின் அளவை ஒரு டெசிபெல் குறைத்தால், தோள் மேடையோடு ஒப்பிட ஏறக்குறைய இரண்டு டெசிபெல் இறங்கும். கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் நிறையச் சுத்தம். தோள் மேடைக்கு 25 டெசிபெல்லுக்குக் கீழே வரும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள், 30 வந்தால் இன்னும் நல்லது. அளக்கும்போது ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் டம்மி லோடும் (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை விழுங்குவது) அட்டெனுவேட்டரும் (சிக்னலைக் குறைப்பது) போட்டு, மற்றொரு எஸ்.டி.ஆரில் பார்க்கலாம்.

ஆம்ப்ளிஃபையரை அறையிலேயே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். இந்த அதிர்வெண்ணில் ஆர்.ஜி.-58 கேபிள் மீட்டருக்கு ஒரு டெசிபெல்லுக்கு மேல் விழுங்கும். பத்து மீட்டர் ஓடினால் பத்தில் ஒரு பங்குகூட மேலே போய்ச் சேராது. எல்.எம்.ஆர்.-400 போன்ற தடித்த கேபிளில் மீட்டருக்குக் கால் டெசிபெல்லுக்கும் குறைவு. பிளூட்டோவையும் ஆம்ப்ளிஃபையரையும் சேர்த்து ஒரு பெட்டியில் டிஷ்ஷுக்கு அடியிலேயே பொருத்தி, ஈதர்நெட்டும் மின்சாரமும் மட்டும் மேலே கொண்டுபோவது என் வழி. சித்திரை வெயிலில் மூடிய பெட்டி அடுப்பாகிவிடும். நிழல், விசிறி, பெரிய ஹீட்சிங்க் மூன்றும் வேண்டும்.

ஃபீட் (டிஷ்ஷின் குவியத்தில் நிற்கும் ஆன்டெனா) பற்றிச் சொல்லுங்கள்.

பாட்டி என்று ஒலிக்கும் பெயரில் ஒரு வடிவம் பரவலாக இருக்கிறது. செப்புத் தகட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பேட்ச் ஆன்டெனா, அதன் நடுவில் 22 மி.மீ. செப்புக் குழாய், குழாயின் பின்னால் எல்.என்.பி. ஒரே டிஷ்ஷில் அனுப்பவும் வாங்கவும் முடிகிறது. பாத்திரக் கடைத்தெருவில் தகடு வெட்டி வீட்டிலேயே செய்துவிடலாம்.

செயற்கைக்கோள் எதிர்பார்ப்பது வலச்சுழல் அலை. டிஷ்ஷில் பட்டு எதிரொலிக்கும்போது சுழல் தலைகீழாகும். எனவே ஃபீட் இடச்சுழலாக இருக்க வேண்டும். நான் முதலில் கட்டியதை மாற்றிக் கட்டிவிட்டு, இரண்டு வாரம் ஆம்ப்ளிஃபையரில் குறை தேடிக்கொண்டிருந்தேன். சுழல் மாறினால் இழப்பு இருபது டெசிபெல் அளவுக்குப் போகும். எந்த ஆம்ப்ளிஃபையரும் அதை ஈடுகட்டாது. சக்தி சரியாக இருந்தும் மேலிருந்து ஒன்றுமே வரவில்லை என்றால் முதலில் சுழலைச் சந்தேகியுங்கள்.

எவ்வளவு சக்தியோடு அனுப்பலாம்?

பீக்கனைவிடக் குறைவாகத்தான் உங்கள் சிக்னல் தெரிய வேண்டும். இதை எல்லோரும் மதிக்கிறார்கள். எட்டு மெகாஹெர்ட்ஸை அத்தனை நாட்டு ஹாம்களும் பகிர்ந்துகொள்கிறோம், ஒருவர் ஓங்கினால் டிரான்ஸ்பாண்டரின் (வாங்கித் திருப்பி அனுப்பும் செயற்கைக்கோள் கருவி) சக்தி அவர் பக்கம் சாய்ந்து மற்றவர்கள் மெலிகிறார்கள்.

இங்கிலாந்தின் கூன்ஹில்லி தரைநிலையத்தில் இருக்கும் ரிசீவரின் ஸ்பெக்ட்ரம் திரையை இணையத்தில் யாரும் பார்க்கலாம். அதைத் திறந்து வைத்து, காலியான இடம் பார்த்து, குறைந்த அளவில் தொடங்கி, அரை டெசிபெல்லாக ஏற்றுங்கள். படம் நிலையாக விழுந்ததும் நிறுத்துங்கள். 1.2 மீட்டர் டிஷ்ஷோடு 333 அனுப்புபவர்கள் பொதுவாகப் பத்து வாட், அதற்குச் சற்று மேல் என்ற அளவில் இருக்கிறார்கள். 125க்கு அதைவிட நன்றாகவே குறையும்.

பிளூட்டோவின் அதிர்வெண் நகர்கிறதே?

அதன் கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 25 பங்கு வரை தவறலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் அது 60 கிலோஹெர்ட்ஸ். 333க்குப் பெரிய தொல்லை இல்லை, ரிசீவர் தேடிப் பிடித்துவிடும். 125க்கும் அதற்குக் கீழும் போகும்போது 40 மெகாஹெர்ட்ஸ் டி.சி.எக்ஸ்.ஓ. (வெப்பத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கிரிஸ்டல்) ஒன்றை மாற்றிப் பொருத்துவது நல்லது.

அனுப்பத் தொடங்கும் நொடியில் ஒரு முள் போலத் தெரிகிறது. என்ன அது?

பிளூட்டோவின் சிப் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்போது வெளியே கசியும் துடிப்பு. அந்த நேரத்தில் ஆம்ப்ளிஃபையர் ஓடினால் முள்ளும் பெருகி மேலே போகும், ஆம்ப்ளிஃபையருக்கும் ஆபத்து. முதலில் பிளூட்டோ, ஓரிரு வினாடி கழித்து ஆம்ப்ளிஃபையர் என்ற வரிசையில் ரிலே வையுங்கள். நிறுத்தும்போது தலைகீழ் வரிசை.

அப்புறம், பிளூட்டோவின் வெளியீட்டில் வடிகட்டி கிடையாது. 437 மெகாஹெர்ட்ஸில் அனுப்பினால் 1311இலும் மூன்றாவது ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண்) பலமாக வரும். எந்தப் பட்டையாக இருந்தாலும் அதற்குரிய பேண்ட்பாஸ் வடிகட்டி ஒன்றைப் போடாமல் ஆன்டெனாவை இணைக்காதீர்கள்.

உடலுக்கு ஆபத்தா?

டிஷ்ஷின் முன்னால் யாரும் நிற்கக் கூடாது. 1.2 மீட்டர் டிஷ் இந்த அதிர்வெண்ணில் ஏறக்குறைய ஐந்நூறு மடங்கு குவிக்கிறது. பத்து வாட் ஐயாயிரம் வாட் போலப் பாயும். 27 பாகை உயரம் என்பது தாழ்வான பார்வை, மாடியில் துணி காயப்போடும் இடம் அதன் பாதையில் வந்துவிடலாம். டிஷ்ஷை ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றுங்கள், அல்லது அந்தப் பக்கம் வழியை அடைத்துவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் மாடிக் கதவைப் பூட்டிவிட்டு அனுப்புங்கள்.

என் படமே எனக்குத் தாமதமாக வருகிறது. கோளாறா?

இல்லை. மேலே போய்க் கீழே வர கால் வினாடி. மீதி எல்லாம் என்கோடரும் ரிசீவரும் சேர்த்து வைத்துக்கொள்ளும் நேரம், இரண்டு மூன்று வினாடி ஆகலாம். எதிரில் இருப்பவர் பதில் சொல்ல இடைவெளி விட்டுப் பேசப் பழகுங்கள். உங்கள் குரல் திரும்ப வந்து குழப்பினால் ரிசீவரின் ஒலியை அடக்கிவிடுங்கள்.

செயற்கைக்கோள் வேண்டாம், பக்கத்து ஊர் நண்பருக்கு மட்டும் அனுப்ப வேண்டும்.

அதே பிளூட்டோ, அதே ஃபர்ம்வேர். உங்கள் உரிமம் அனுமதித்தால் 437 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு யாகி ஆன்டெனாவும் சில வாட்டும் போதும். சிம்பல் ரேட்டை 125 அல்லது அதற்கும் கீழே வைத்தால் பட்டையையும் மிச்சப்படுத்தலாம். கட்டடங்களில் பட்டு வரும் எதிரொலிதான் தரையில் எதிரி. படம் விட்டு விட்டு வந்தால் சக்தியை ஏற்றாமல் ஆன்டெனாவை ஒரு முழம் நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.